பழைய சென்சஸ் ஏடுகளைக் கொண்டு முன்னோரின் ஊரைத் தேடும் முறை

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கும் தமிழர் பலர் முதலில் படிப்பது இங்கிலாந்தையோ அமெரிக்காவையோ மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளைத்தான். அந்த நாடுகளில் கணக்கெடுப்பின்போது வீடு வீடாக எழுதிய படிவங்கள் பத்திரப்படுத்தப்பட்டு, குறித்த காலம் கழிந்ததும் பொதுமக்களின் பார்வைக்கு வருகின்றன. இங்கிலாந்தின் 1921-ஆம் ஆண்டுப் படிவங்கள் நூறாண்டு கழித்து 2022 ஜனவரியிலும், அமெரிக்காவின் 1950-ஆம் ஆண்டுப் படிவங்கள் 72 ஆண்டு கழித்து 2022 ஏப்ரலிலும் வெளிவந்தன. பெயரைத் தட்டினால் பாட்டனாரும், அவர் வீட்டில் அன்றிரவு தங்கியிருந்த விருந்தாளியும்கூடத் தெரிந்துவிடுவார்கள். அதை நம்பி, 1881-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கணக்கெடுப்பில் தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரை மாதக்கணக்கில் தேடிச் சோர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெயர் அங்கே கிடைக்காது. சென்னை மாகாணத்தில் எண்ணிக் கூட்டி அட்டவணை போட்டு முடித்தபின் தனி மனிதர்களின் படிவங்களைக் காத்து வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளுக்கோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பூட்டுப் போட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் எழுதிய ஏட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே நம் சென்சஸ் ஏடுகளிடம் ஆளைக் கேட்கக் கூடாது, ஊரைக் கேட்க வேண்டும். எந்த ஊர், அது அப்போது எந்தத் தாலுகாவில் இருந்தது, எப்படி எழுதப்பட்டது, அதில் எத்தனை வீடுகள், எந்தப் பத்தாண்டில் ஊர் சுருங்கியது என்பதையெல்லாம் அவை சொல்லும். ஊர் சரியாகப் பிடிபட்ட பிறகுதான் பெயர்களைத் தாங்கிய மற்றப் பதிவேடுகளைத் தேட வழி பிறக்கும். ஊரைத் தவறாகப் பிடித்தவர் வேறொருவரின் முன்னோரைத் தம் முன்னோராக எழுதி வைத்துவிடுவார். அது வெறுமனே தேடிக் கிடைக்காமல் போவதைவிடக் கேடானது.

வீட்டிலிருந்து தொடங்குக

ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் வீட்டிலும் உறவிலும் உள்ள மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். “நம் பூர்வீகம் எது” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே நம்மோடு சேர்ந்து பொங்கல் வைக்கும் பங்காளிகள் எந்தெந்த ஊர்க்காரர்கள், பெண் கொடுத்த ஊர் எது, பெண் எடுத்த ஊர் எது, தாத்தா எந்தச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனார், எந்த ஆற்றைக் கடந்து மாமியார் வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டும். இவற்றுள் குலதெய்வக் கோயிலின் ஊரே பெரும்பாலும் மிகப் பழைய ஊர். பிழைக்கப் போன இடத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பமும் முடியிறக்க அங்கேதான் திரும்பி வந்திருக்கும்.

வீட்டுப் பரணில் இருக்கும் காகிதங்களில் கிரயப் பத்திரம், பட்டா, பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை ஆகியவற்றை எல்லாரும் தேடுவார்கள். ஆனால் மொய் நோட்டை மறந்துவிடுகிறார்கள். மதுரை, தேனி, இராமநாதபுரம், புதுக்கோட்டை வட்டாரங்களில் ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு அந்தக் குடும்பத்தின் உறவுக்காரர்களை ஊர்வாரியாக எண்ணி வைத்த கணக்குதான். ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயர், ஆள் பெயர், சில இடங்களில் தகப்பன் பெயர், தொகை ஆகியவை இருக்கும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டு ஒன்று கிடைத்தால் அதிலுள்ள ஊர்ப் பெயர்களை எல்லாம் தனித்தாளில் எழுதி, எந்த ஊர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பங்காளிகளும் சம்பந்திகளும் திரண்டிருக்கும் மூன்று, நான்கு ஊர்கள் தாமாக மேலே வரும். தேடலை அந்த ஊர்களிலிருந்து தொடங்கலாம்.

வருவாய்க் கிராமமும் குக்கிராமமும்

பாட்டி சொல்லும் ஊர்ப் பெயர் சென்சஸ் பட்டியலில் இல்லையென்றால் உடனே மனம் தளர வேண்டாம். சென்சஸ் எண்ணுவது, நிலவரிக்காக அரசு எல்லை வகுத்த வருவாய்க் கிராமத்தை. மக்கள் சொல்வது தாம் குடியிருந்த குக்கிராமத்தை. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 16 ஆயிரம் வருவாய்க் கிராமங்கள் இருந்தன. பட்டி, பாளையம், குடிக்காடு, காலனி, புதூர் என்று மக்கள் பெயர் சொல்லி அழைக்கும் குடியிருப்புகள் அதைவிடப் பல மடங்கு. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பத்துக் குக்கிராமங்கள் அடங்கியிருக்கலாம். அவற்றின் பெயர் எதுவும் கிராமத்தின் பெயராக இல்லாமலும் இருக்கலாம்.

இதைத் தீர்க்கும் எளிய வழி நிலத்தின் காகிதம். அந்தக் குடியிருப்பில் இன்று நிலம் வைத்திருக்கும் எவருடைய பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கும். நிலம் வைத்திருக்கும் உறவினர் இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அந்தப் பெயரோடு தாலுகா, உள்வட்டம் (ஃபிர்கா) இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் ஐந்தாறு ஊர்கள் இல்லாத மாவட்டம் கிடையாது.

எல்லைகள் நகர்ந்த கதை

வருவாய்க் கிராமத்தைக் கண்டபின், தேடும் ஆண்டில் அது எந்தத் தாலுகாவுக்கும் எந்த மாவட்டத்துக்கும் உட்பட்டிருந்தது என்று அறிய வேண்டும். பலர் வழி தவறுவது இங்கேதான். கரூர்க்காரர் ஒருவர் 1871-ஆம் ஆண்டுக் கணக்கைக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும். 1910-இல் கரூர் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டதால் 1931-ஆம் ஆண்டுக் கணக்கை அங்கே தேட வேண்டும். தனி மாவட்டம் பிறந்தது 1995-இல்தான். திருப்பத்தூர் 1911 வரை சேலத்தில் இருந்தது, பிறகு வடஆர்க்காட்டுக்குப் போனது, 2019-இல் தனி மாவட்டமானது. இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது. அது 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய ஏட்டில் மாவட்டம் குறிப்பிடாமல் திருப்பத்தூர் என்று மட்டும் கண்டு முடிவுக்கு வந்துவிட்டால், வடக்கே தேட வேண்டியவர் தெற்கே அலைவார்.

சமஸ்தானங்கள் தனிக் கணக்கு. புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் ஆட்சியில் இருந்ததால் அதன் எண்கள் பிரிட்டிஷ் மாவட்டங்களோடு சேராமல் தனியே வரும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பகுதிகளும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூரின் பக்கம் இருந்தன. திருவிதாங்கூர் 1875-இலேயே தன் கணக்கெடுப்பை நடத்திவிட்டது. ஆகவே நாகர்கோவில், தக்கலைப் பக்கத்தவர் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தைவிடத் திருவனந்தபுரத்துக் காப்பகத்தை முதலில் நாடுவது நல்லது.

இதற்கு நான் செய்வது ஒரு சிறிய வேலை. ஒரு தாளில் 1871 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு வரி போட்டு, ஒவ்வொரு வரியிலும் அந்த ஊரின் அப்போதைய தாலுகா, மாவட்டம், எழுத்துக்கூட்டல் ஆகிய மூன்றையும் நிரப்புகிறேன். இந்தத் தாள் நிரம்ப ஒரு வாரம் ஆகலாம். நிரம்பிய பிறகு எந்த அலுவலகத்திலும் “எந்த மாவட்டம்” என்ற கேள்விக்குத் தடுமாற வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டல் தனிப் பாடம். பழைய ஏடுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் திருநெல்வேலி ‘டின்னவேலி’ என்றும், வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்றும், குடியாத்தம் ‘கூடியாட்டம்’ என்றும், காஞ்சிபுரம் ‘கான்ஜீவரம்’ என்றும் நிற்கும். பெரிய ஊர்களின் திரிபு பழகிவிடும். சிற்றூர்களின் திரிபுதான் ஏமாற்றும். பட்டு, பேட்டை, பட்டி ஆகிய மூன்று ஈறுகளும் ஆங்கில எழுத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ‘செட்புட்’ என்பது சென்னைச் சேத்துப்பட்டாகவும் இருக்கலாம், போளூர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டாகவும் இருக்கலாம். ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தில் வரும். ‘ஊர்’ என்பது இரண்டு, மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். எழுத்தைப் பார்த்துத் தேடாமல், சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதே ஒலி வரக்கூடிய எல்லாப் பெயர்களையும் அந்தத் தாலுகாவின் ஊர்ப் பட்டியலில் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். தாலுகாவாரியாக ஊர்களை அகரவரிசையில் அச்சிட்ட சென்னை மாகாணப் பட்டியல்கள் இதற்கு மிகவும் உதவும்.

ஏடுகள் எங்கே, அவற்றில் என்ன

சென்னை மாகாணத்தில் 1851-52 முதலே ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவாய்த் துறையினர் தலை எண்ணினார்கள். முறையான முதல் கணக்கெடுப்பு 1871 நவம்பர் 15 அன்று நடந்தது. மருத்துவரான கார்னிஷ் அதன் அறிக்கையை எழுதினார். இந்தியா முழுவதும் ஒரே இரவில் எண்ணியது 1881 பிப்ரவரி 17 அன்று. அதன்பின் பத்தாண்டுக்கு ஒன்றாக 2011 வரை தொடர்ச்சி அறுபடவில்லை. போர்க்காலம் ஆதலால் 1941-ஆம் ஆண்டு அட்டவணைகள் மட்டும் மிகச் சுருங்கிப்போயின.

சென்சஸ் துறையின் இணையதளத்தில் 19-ஆம் நூற்றாண்டு அறிக்கைகள் தொடங்கி 2011 வரையிலான தொகுதிகள் படமாக்கப்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழைய மாகாண அறிக்கைகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மாவட்டக் கையேடுகள் பல உள்ளன. அச்சுப் படி வேண்டுவோர் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் செல்லலாம்.

ஊர் தேடுபவர் முதலில் எடுக்க வேண்டியது 1951-ஆம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் வெளிவந்த டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக். இதில் தாலுகாவாரியாக ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி இருக்கும்: பரப்பு, வீடுகள், ஆண், பெண், எழுத்தறிந்தோர், பிழைப்பு வகை. 1951-இல் பிழைப்பை எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள்; சொந்த நிலத்தில் உழுதவர், குத்தகைக்கு உழுதவர், கூலிக்கு உழுதவர், உழாமல் வாரம் வாங்கியவர் ஆகியோர் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பார்கள். உங்கள் தாத்தா கூலிக்கு உழுதவர் என்று பாட்டி சொல்லியிருந்தால், அந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்குத் தனி நூலே எழுதினார்கள். வீட்டு அமைப்பு, உணவு, நகை, திருவிழா, கடன் என்று அனைத்தும் படங்களோடு பதிவாகியிருக்கும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் அதைவிடப் பெரிய பேறு இல்லை. பக்கத்து ஊர் இருந்தாலும் படியுங்கள்.

எண்களைச் சும்மா பார்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட வேண்டும். சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை 1871-இல் சுமார் 19.7 லட்சம், 1881-இல் சுமார் 16 லட்சம். இடையில் வந்தது 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம். ஒரு மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கினர் குறைந்துபோனார்கள் என்றால், அந்தப் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தில் அந்தத் தலைமுறையின் பெயர்கள் ஏன் நினைவில் இல்லை என்பதை நாம் கண்ணீரோடு புரிந்துகொள்ளலாம். நாடு முழுவதும் 1911-இலிருந்து 1921-க்குள் மக்கள் தொகை குறைந்ததற்கு 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சா பெருங்காரணம். “தாத்தாவுக்கு ஆறு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்” என்ற வீட்டுச் செய்தியை அந்தப் பத்தாண்டின் எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பெயர்களைத் தாங்கிய ஏடுகள்

ஊர் உறுதியான பிறகு பெயர்களுக்குப் போகலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்கள் இணையத்தில் தேடக் கிடைத்தன. லட்சக்கணக்கானோர் தம் பெற்றோர் பெயரை அவற்றில் தேடிக் கண்டார்கள். அந்தப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருப்பவர்கள் அதைக் குடும்ப ஆவணமாகவே கருத வேண்டும். ஒரே கதவிலக்கத்தில் யார் யார் இருந்தார்கள், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது ஆகியவை அதில் உள்ளன. நமக்குக் கிடைக்காத சென்சஸ் படிவத்துக்கு மிக நெருங்கியது அதுதான். பெண்களின் பெயர் கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயரோடும் பின்னர் கணவன் பெயரோடும் வருமாதலால், அத்தையையோ பாட்டியையோ தேடும்போது பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டின் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு நில ஏடுகளே துணை. பின்னோக்கிச் செல்லும் வரிசை இது: இன்றைய பட்டா, அதற்கு முன் யு.டி.ஆர். என்று வருவாய்த் துறையினர் சொல்லும் 1979-க்குப் பிந்தைய நிலவுடைமை மேம்பாட்டுப் பதிவேடு, அதற்கும் முன் மறு நிலவரித் திட்டப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் அடியில் முதல் நிலவரித் திட்டப் பதிவேடு. ஒரு புல எண்ணை (சர்வே எண்) பிடித்துக்கொண்டு பழைய எண், புதிய எண் என்று மாற்றி மாற்றிக் கீழே இறங்கினால் நூறாண்டுக்கு முந்தைய பட்டாதாரரின் பெயரை அடையலாம். ஜமீன் கிராமமாக இருந்தால் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னர்தான் அரசின் விரிவான ஏடு தொடங்கும். இனாம் நிலமாக, அதாவது மானியமாகக் கொடுத்த நிலமாக இருந்தால் நற்பேறு. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டில், முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன உறவு, என்ன வயது என்று எழுதியிருப்பார்கள். வருவாய்த் துறையில் ஐ.எஃப்.ஆர். (இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்) என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். இந்தப் பழைய ஏடுகளின் நகலுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் எழும்பூர்க் காப்பகத்திலும் மனுக் கொடுக்க வேண்டும்; மனுவில் கிராமம், தாலுகா, புல எண் மூன்றும் தெளிவாக இருந்தால் தேடுபவருக்கும் எளிது, உங்களுக்கும் விரைவில் கிடைக்கும்.

பத்திரப் பதிவு அலுவலகத்தை மறக்கக் கூடாது. 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். “இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்” என்று தொடங்கும் பழைய பத்திரத்தின் முதல் வரியே இரண்டு தலைமுறையைச் சொல்லிவிடும். பாகப்பிரிவினைப் பத்திரமானால் அண்ணன் தம்பி அனைவரும் ஒரே தாளில் வந்துவிடுவார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கிராமங்களில் பழைய நாளில் கிராம முன்சீப் எழுதினார். அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டன. பழைய ஏடுகளுக்குத் தாலுகா அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்களாதலால் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். ஆகையால் தாத்தாவின் பெயரைத் தேடாமல் அவருடைய தகப்பனார் பெயரைத் தேட வேண்டும். கிறித்தவக் குடும்பங்கள் பங்கிலுள்ள ஞானஸ்நான ஏட்டையும் கல்யாண ஏட்டையும் பார்க்கலாம். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு ஆட்சியின் குடிமைப் பதிவேடுகள் உண்டு. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள காப்பகம் அவற்றைப் படமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்தவருக்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் அந்தச் சீமையின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதன் மூலமான ஊர்க்கணக்கு ஓலைகள் சில தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

நிலம் இல்லாதவர்கள்

மேற்சொன்ன வழிகளில் பெரும்பாலானவை நிலம் வைத்திருந்தவருக்கே உதவும். பண்ணையில் உழைத்தவரின் பெயர் பட்டாவில் இல்லை, பத்திரத்தில் இல்லை. அவர் குடியிருந்த மனையும் பல இடங்களில் அவர் பெயரில் இருந்ததில்லை. இது தேடுபவரின் குறை அன்று. எழுதியவர்கள் யாரை எழுதத் தக்கவராகக் கருதினார்கள் என்பதன் விளைவு. அத்தகைய குடும்பங்களுக்கு 1951-52-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்காகத் தயாரித்த வாக்காளர் பட்டியல்தான் அரசு மதித்துப் பெயர் எழுதிய முதல் ஏடாக இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஏடு, கப்பல் ஏடு ஆகியவை மற்றவை.

கப்பல் ஏடு வியப்பூட்டும் அளவுக்கு விரிவானது. சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. மொரிஷியசுக்குப் போனவர்களின் ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே புகைப்படங்களும் உண்டு. பிஜிக்குத் தென்னிந்தியர் சென்றது 1903 முதல். தென்னாப்பிரிக்காவிலோ பிஜியிலோ இருக்கும் ஒருவர் இந்த ஏட்டில் ‘வடஆர்க்காடு, குடியாத்தம்’ என்பதற்குப் பின்னால் சிதைந்த ஒரு கிராமப் பெயரைக் கண்டால், அதைத் தீர்க்கும் கருவி நம் சென்சஸின் ஊர்ப் பட்டியல்தான். 1881, 1891-ஆம் ஆண்டுகளின் தாலுகா எல்லைக்குள் ஒலி ஒத்த பெயர்களை எல்லாம் எடுத்து, இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்தி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும்.

இலங்கையில் முதல் முழுக் குடிசன மதிப்பீடு 1871-இல் நடந்தது. 1901-ஆம் ஆண்டினதைப் பொன்னம்பலம் அருணாசலம் நடத்தினார். 1911 முதல் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியே எண்ணப்பட்டனர். அங்கும் படிவங்கள் கிடைக்கா; ஆனால் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்னும் பதிவேடு காணியையும் குடும்பத்தையும் பெயரோடு எழுதியதால், பெயர் தேடுபவருக்குச் சென்சஸைவிட அதுவே பயன்படும்.

கிடைத்ததை எடைபோடுதல்

வயதை அப்படியே நம்பக் கூடாது. பழைய ஏடுகளில் 20, 25, 30, 40 என்று முழு எண்களே குவிந்திருக்கும். ஐந்தாண்டு முன்பின் விட்டுக் கணக்கிட வேண்டும். அதைவிட உறுதியானது தமிழ் வருஷப் பெயர். “ரத்தாட்சியில் பிறந்தவர்” என்றால் 1924-25. “தாதுவில் பிறந்தவர்” என்றால் 1876-77 அல்லது 1936-37. அறுபதாண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை மட்டும் வேறு சான்றால் முடிவு செய்ய வேண்டும்.

பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பட்டாவில் 1910-இல் வரும் முத்துசாமியும் 1960-இல் வரும் முத்துசாமியும் தாத்தாவும் பேரனுமாக இருக்கக்கூடும். அவர்கள் ஒருவரா இருவரா என்பதைத் தகப்பன் பெயர் இல்லாமல் தீர்மானிக்கக் கூடாது. இதே வழக்கம் விடுபட்ட தலைமுறையை ஊகிக்கவும் உதவும். ஒன்றுவிட்ட சகோதரர் மூவருக்கும் ஒரே பெயர் இருந்தால் அவர்களுடைய பாட்டனார் பெயர் அதுவாகவே இருக்கலாம். ஊகத்தை ஊகம் என்றே குறித்து வையுங்கள்.

சாதி அட்டவணைகள் முழுமையாக வெளிவந்தது 1931 வரைதான். பெயர்கள் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறின; ‘நாடார்’ என்ற பெயர் 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் இடம்பெற்றது, ‘ஆதிதிராவிடர்’ என்பது 1922-இல் அரசு வழக்கில் வந்தது. பழைய ஏட்டில் வேறு பெயரைக் கண்டு குழம்பவோ மனம் நோகவோ வேண்டியதில்லை. அது எழுதியவர் இட்ட பெயர். அந்த அட்டவணைகளும் தாலுகா அல்லது மாவட்ட அளவிலேயே இருப்பதால் ஒரு குடும்பத்தைப் பற்றி அவை எதையும் உறுதிப்படுத்த மாட்டா.

ஒவ்வொரு செய்திக்கும் எந்த ஏடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எங்கே பார்த்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். கைபேசியில் படம் எடுப்பதற்குமுன் அனுமதி கேளுங்கள். எடுக்கும்போது ஏட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பக்கத்தை மட்டும் எடுத்து வந்தவர்கள் அது எந்த ஏடு என்று தெரியாமல் மீண்டும் பயணம் போக நேர்ந்திருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெற இருக்கிறது. கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில், அவரிடம் சொன்ன பதில்களை ஒரு நோட்டிலும் எழுதுங்கள்: வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் முழுப் பெயர், தகப்பன், தாய் பெயர், வயது, பிறந்த ஊர், அந்த ஊரின் வருவாய்க் கிராமம், தாலுகா, செய்யும் தொழில், பேசும் மொழி. கீழே தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு, பட்டாவும் பத்திரமும் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.